போவதற்கு ஓர் இடம்

தெருக்கோடிக் கடையில் கொத்தமல்லித்தழை வாங்கி வரும்படி என் எட்டு வயது மகனிடம் ஒரு நாள் சொன்னேன். பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கும் அந்தக் கடைக்கும் இடையே பதினோரு வீடுகள்தான் இருக்கின்றன. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபடி, "வண்டிய எடும்மா, போவோம்" என்றான். சோம்பலால் அப்படிச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. கடைக்குப் போவது என்றால் ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் நின்றுகொண்டு போவது என்றுதான் அவன் பிறந்ததிலிருந்து பார்த்து வந்திருக்கிறான். அதை அவனுக்குப் பழக்கியவர்கள் நானும் என் கணவரும்தான் என்பது அன்று மாலை முழுவதும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

நான் பிறந்து வளர்ந்தது அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், தாமிரபரணிக் கரையை ஒட்டிய ஒரு சிற்றூர். எங்கள் காலத்தில் 'உடற்பயிற்சி' என்ற சொல்லைப் பள்ளிப் பாடநூலில் மட்டுமே பார்த்திருக்கிறோம். வீட்டில் எவரும் அதைச் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இருந்ததில்லை. காலையில் பால் வாங்கி வர வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும். சனிக்கிழமை வந்தால் ஊறிய அரிசியைத் தூக்குவாளியில் சுமந்து மாவு மில்லுக்குப் போக வேண்டும். மாலையில் ஆச்சிக்கு வெற்றிலை வாங்க மறுபடியும் ஓட வேண்டும். இவற்றுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில்தான் கிளியாந்தட்டும் பாண்டியும் ஆடினோம். ஆக, உடல் அசைந்தது எங்கள் விருப்பத்தால் மட்டுமல்ல. வீட்டு வேலைகளுக்குள் அது மறைந்திருந்தது.

பிறகு அந்த வேலைகள் ஒவ்வொன்றாகப் போயின. குழாயில் தண்ணீர் வந்தது, மாவு பாக்கெட்டில் வந்தது, பள்ளி வேன் வாசலுக்கே வந்தது. பழையது அனைத்தும் பொன்னானது என்று நான் எழுதப் போவதில்லை. ஆற்றிலிருந்து குடம் சுமந்து சுமந்து என் அம்மாவுக்கு வந்த இடுப்புவலி இன்றுவரை தீரவில்லை. குழாய் வந்த நாளில் தெருவே கொண்டாடியது. ஆனால் சுமை இறங்கியபோது அதனோடு சேர்ந்து பிள்ளைகளின் நடையும் இறங்கிப்போனதை நாங்கள் கவனிக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாக நாள் ஒன்றுக்கு 60 நிமிடமாவது மிதமான அல்லது கடுமையான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளாவது மூச்சு நன்றாக வாங்கும்படியான ஓட்டமும் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் அசைவும் அதில் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மிதமானது என்பதைக் கண்டுகொள்ளக் கருவி ஏதும் வேண்டியதில்லை. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அவ்வளவுதான். அறுபது நிமிடத்தையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கேட்கும்போது இது எளிதாகத் தெரிகிறது. என் மகனுடைய ஒரு நாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலை ஏழே முக்காலுக்கு வேன், மாலை நாலரைக்கு வீடு, ஐந்தரைக்கு டியூஷன், ஏழுக்கு வீட்டுப்பாடம், பிறகு சாப்பாடும் தொலைக்காட்சியும். வாரத்தில் இரண்டு பி.டி. பீரியட் அட்டவணையில் இருக்கிறது. அவற்றில் ஒன்றைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். அந்தக் கடன் திரும்பி வந்ததாக அவன் சொல்லக் கேட்டதில்லை. உலக அளவில் 11 முதல் 17 வயது வரையுள்ளவர்களில் 81 விழுக்காட்டினர் போதிய உடலுழைப்பு இல்லாமல் இருந்ததாக 2016-ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு 2019-இல் வெளியானது. ஆண்பிள்ளைகளில் 78, பெண்பிள்ளைகளில் 85. அந்தக் கடைசி எண்ணுக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நாங்கள் செய்தது எல்லாப் பெற்றோரும் செய்வதைத்தான். கராத்தே வகுப்பில் சேர்த்துவிட்டோம். மூன்று மாதம் போனான். இப்போது அந்த வெள்ளைச் சீருடை பீரோவின் அடித்தட்டில் அந்துருண்டையோடு இருக்கிறது. அடுத்து, "வெளிய போயி வெளையாடுல" என்று விரட்டினேன். தெருவில் அவன் வயதுப் பிள்ளைகள் எவரும் இல்லை. முக்குக்கு முக்கு நாய்கள் படுத்திருக்கின்றன. குறுக்குச் சந்து என்று இரக்கம் காட்டாமல் இருசக்கர வண்டிகள் பறக்கின்றன. பத்து நிமிடத்தில் திரும்பி வந்தவன், சோபாவில் கைபேசியோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "நீ வா, அப்பம் நானும் போறேன்" என்றான். என்னிடம் பதில் இல்லை.

சரி, குடும்பமாகவே நடப்போம் என்று முடிவு செய்தோம். மாலை ஆறு மணிக்கு அவன் அக்காவையும் சேர்த்து நான்கு பேரும் தெருவைச் சுற்றி வருவது என்று திட்டம். முதல் நாளே மகன், "எங்கம்மா போறோம்?" என்று கேட்டான். "சும்மா நடக்கோம்" என்றேன். ஐந்தாம் நாள் எவரும் கிளம்பவில்லை. அந்தத் தோல்வியை இப்போது நினைத்துப் பார்த்தால் தவறு அந்த 'சும்மா'வில் இருந்தது என்று புரிகிறது. பெரியவர்களுக்குச் சர்க்கரை அளவும் ரத்தக் கொதிப்பும் காரணமாக இருக்கலாம், அவர்கள் வ.உ.சி. மைதானத்தைக் காலையில் இருபது முறை சுற்றி வருவார்கள். முப்பது ஆண்டு கழித்து வரப்போகும் நோயைச் சொல்லி எட்டு வயதுப் பிள்ளையை ஒரு தெருகூட நடக்க வைக்க முடியாது. அவனுக்குப் போவதற்கு ஓர் இடம் வேண்டும், போன இடத்தில் ஒரு வேலையோ ஒரு வேடிக்கையோ இருக்க வேண்டும். எங்கள் சிறுவயதில் மாவு மில்லும் வெற்றிலைக் கடையும் அந்த இடங்களாக இருந்தன. இன்றைய வீட்டில் அவை இல்லையென்றால் நாம்தான் தேடித் தர வேண்டும்.

தேடத் தொடங்கிய பிறகு, இந்தத் திருநெல்வேலிச் சீமை அப்படிப்பட்ட இடங்களால் நிறைந்திருப்பது தெரிந்தது. சனிக்கிழமை மாவட்ட மைய நூலகத்துக்கு நடந்தோம். எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற ஒன்றே அடுத்த நடையையும் உறுதி செய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில், வண்டிகள் பெருகும் முன், சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து ஜங்ஷன் வரை நடந்துபோய் இட்லி சாப்பிட்டோம். 1843-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தைக் கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த ஒரு தனி மனிதர் தம் சொந்தப் பணத்தைக் கொண்டு கட்டினார் என்று கணவர் சொன்னபோது, மகள் கேட்ட முதல் கேள்வி, "சுலோசனங்கது பொம்பளப் பேரு இல்லையா?" என்பது. ஆண்தான் என்று அவளை நம்ப வைப்பதற்குள் ஆற்றைத் தாண்டிவிட்டோம். பத்து ஆண்டுகளாக அந்தப் பாலத்தின் மேல் வண்டியில் போய்க்கொண்டிருக்கிறோம். நடுவில் நின்று தண்ணீரை எட்டிப் பார்த்தது அன்றுதான் முதல் முறை.

நெல்லையப்பர் கோயிலைச் சொல்லாமல் விட முடியாது. மதிலின் நீளம் 850 அடி, அகலம் 756 அடி என்பார்கள். சுற்றளவை மகனையே கூட்டிப் பார்க்கச் சொன்னேன். 3,212 அடி, அதாவது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். வெளியே ரத வீதிகளைச் சுற்றினால் அதற்கும் மேல். சுவாமி சன்னிதியிலிருந்து சங்கிலி மண்டபம் வழியாகக் காந்திமதியம்மன் சன்னிதிக்குப் போய்த் திரும்புவதற்குள் பிள்ளைகள் அரை மணி நேரம் நடந்திருப்பார்கள், ஆனால் நடந்ததாக அவர்களுக்கு நினைப்பே இருக்காது. ஆனித் தேரோட்டத்தில் கூட்ட நெரிசலுக்குப் பயந்து பெரிய தேர் பக்கம் போகவில்லை. முன்னால் வரும் பிள்ளையார் தேரின் வடத்தைச் சிறிது தூரம் மகனைத் தொட்டு இழுக்க வைத்தோம். மறுநாள் உள்ளங்கையைத் தடவிக்கொண்டே பள்ளிக்கூடம் போனான்.

கோடை விடுமுறையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஊரில் அப்பா நுங்கு வாங்கி வந்திருந்தார். தின்று முடித்ததும் கூந்தலை (நுங்கு எடுத்தபின் மிஞ்சும் காய்க்கூட்டை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) எடுத்துக் குப்பையில் போடப் போன மகனை அவர் நிறுத்தினார். ஒரே அளவான இரண்டு கூந்தல்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு முழக் குச்சியின் இரு முனைகளிலும் செருகி, நடுவில் கவட்டைக் கம்பை வைத்துத் தள்ளிக் காட்டினார். நுங்கு வண்டி என்ற ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. அன்று மாலை அவன் அந்த வண்டியோடு எத்தனை முறை தெருவை அளந்தான் என்று எண்ண முடியவில்லை. எழுபது வயது அப்பா தாமும் ஒன்றைச் செய்துகொண்டு அவனோடு பந்தயத்துக்கு நின்றதுதான் அதில் முக்கியம் என்று நினைக்கிறேன். கடையில் வாங்கித் தந்த ரிமோட் கார் அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து ஓடியது; நுங்கு வண்டி ஓட வேண்டுமானால் அவன் ஓட வேண்டும். பொம்மை வாங்கும்போது இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் பார்த்தால் போதும் என்பது என் கருத்து.

கத்திரி வெயிலில் இதையெல்லாம் காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஐந்துக்குப் பின்னும்தான் வைத்துக்கொண்டோம். விளையாடிவிட்டு வருபவர்களுக்கு உப்புப் போட்ட நீச்சத்தண்ணியோ மோரோ கொடுத்தோம். பகல் வெளிச்சத்தில் இருப்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. நாள்தோறும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வெளியில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வைக் குறை தொடங்குவது தள்ளிப்போகிறது என்று கண் மருத்துவ ஆய்வுகள் காட்டியிருக்கின்றன; வெளிச்சம் பட்டு விழித்திரையில் சுரக்கும் டோபமின் அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. மகளுக்கு ஒன்பது வயதிலேயே கண்ணாடி போட வேண்டி வந்தது என்பதால் இந்தச் செய்தியை நான் சற்று வருத்தத்தோடுதான் படித்தேன்.

மகள் என்றதும் அந்த 85 விழுக்காட்டுக்கு வருகிறேன். பெண்பிள்ளைகள் இயல்பிலேயே அசையாதவர்கள் அல்லர். எங்கள் ஊர்த் துறையில் ஏழு வயதில் நீந்தக் கற்றவள் நான். இரண்டு தேங்காய் நெற்றுகளைச் சேர்த்துக் கட்டி, அதன் மேல் என்னைக் குப்புறப் போட்டு அப்பா கற்றுக்கொடுத்தார். பன்னிரண்டு வயதில் ஆற்றின் அக்கரையைத் தொட்டுவிட்டுத் திரும்புவேன். பதின்மூன்றில் பெரிய பிள்ளையானேன். சடங்கு முடிந்த மறுவாரம் துறைக்குக் கிளம்பியபோது பெரியம்மா, "இனிமே என்னட்டி குதியாட்டம்?" என்றார். அதட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்போடு என் நீச்சல் நின்றது, கிளியாந்தட்டு நின்றது, ஓடுவதே நின்றது. முப்பத்தைந்தாவது வயதில் அலுவலகத்து மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றபோதுதான், இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் எங்கும் ஓடியதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

எலும்பைப் பற்றி அறிந்தால் இதன் இழப்பு இன்னும் தெளிவாகும். பூப்பெய்தும் பருவத்தையொட்டிய சில ஆண்டுகளில்தான் எலும்பு மிக விரைவாக அடர்த்தி சேர்க்கிறது. பிற்காலத்தில் எலும்பு தேயும்போது தாங்கி நிற்பது அன்று சேர்த்த இருப்புத்தான். பாண்டி ஆடுவதும் கயிறு தாண்டுவதும் பச்சைக்குதிரை தாவுவதும் எலும்பின் மேல் எடை விழச் செய்து அதை உறுதியாக்குகின்றன. எந்த வயதில் குதிக்க வேண்டுமோ சரியாக அந்த வயதில் "குதிக்காதே" என்று சொல்லும் வழக்கம் நம்முடையது. மாதவிலக்கு நாள்களிலும், உடம்பு ஒத்துழைத்தால், விளையாடக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் ஏதும் இல்லை.

மகளுக்கு இப்போது பன்னிரண்டு. சென்ற ஆண்டு அவள் பெரிய பிள்ளையானபோது, என் மாமியார் அதே வாசகத்தைச் சொல்லிவிடுவாரோ என்று நான் காத்திருந்தேன். சொன்னார். நான் எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே சுரிதாரை இழுத்துச் செருகிக்கொண்டு மொட்டை மாடியில் அவளோடு கயிறு தாண்டினேன். பதினைந்து தாண்டலில் உட்கார்ந்துவிட்டேன். மகள் நூற்றிருபது போனாள். துணி காயப்போட வந்த அத்தை சற்று நேரம் பார்த்துவிட்டு, "நாங்கல்லாம் எரநூறு போடுவோம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவரும் ஒரு காலத்தில் குதித்தவர் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அதன் பிறகு அவர் தடை சொன்னதில்லை. மாலை விளக்கேற்றும் நேரத்துக்குள் இறங்கிவிட வேண்டும் என்பது மட்டும் அவருடைய நிபந்தனை.

மிதிவண்டியும் அப்படித்தான் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின்போது பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்ட கதையை மகளிடம் சொன்னேன். "நீ கத்துக்கிட்டியா?" என்று கேட்டாள். கற்கவில்லை. இப்போது அவள்தான் பின்னால் பிடித்துக்கொண்டு எனக்குக் கற்றுத் தருகிறாள். அதற்காக அவள் ஓடும் ஓட்டம் எந்த பி.டி. பீரியடிலும் ஓடாத ஓட்டம்.

நீச்சலை மட்டும் வேடிக்கையாக எடுத்துக்கொள்ள முடியாது. தாமிரபரணி இரண்டு பருவமழையாலும் நீர் பெறும் ஆறு. வெளியே அமைதியாகத் தெரியும் இடத்தில் அடியில் சுழியும் மணல் அள்ளிய பள்ளமும் இருக்கக்கூடும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருவெள்ளத்துக்குப் பிறகு, நமக்குப் பழகிய துறை என்று நம்பி இறங்குவது அறிவுடைமை அல்ல. குறுக்குத்துறையில் நாங்கள் இறங்கும்போது, நீரோட்டம் குறைந்த கோடைக்காலத்தில், கணவர் முதலில் போய் நின்று ஆழம் பார்ப்பார். அவருடைய மார்பளவுக்கு மேல் உள்ள இடத்துக்குப் பிள்ளைகள் போகக் கூடாது, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத்தான் இருபத்தைந்து ஆண்டு கழித்து நானும் அந்தத் தண்ணீரில் கை வீசினேன். உடம்பு மறக்கவில்லை. மூச்சுத்தான் மறந்திருந்தது.

தை மாதத்தில் எங்கள் தெரு வழியாகத் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரைக் கூட்டம் போகும். பச்சை உடுத்தி, மாலை போட்டு, தோளில் பையோடு குடும்பம் குடும்பமாகப் போவார்கள். பாளையங்கோட்டையிலிருந்து செய்துங்கநல்லூர், ஆழ்வார்திருநகரி, குரும்பூர் என்று ஏறக்குறைய 55 கிலோமீட்டர். நடந்து பழகாதவர்களும் நடந்துவிடுகிறார்கள் என்பது பக்தியின் வலிமை என்று சொல்வார்கள். பக்கத்தில் நடப்பவர்களின் வலிமையும் அதில் பாதி இருக்கும் என்று நான் நினைக்கிறேன். இந்த ஆண்டு நாங்கள் முழுத் தொலைவும் போகத் துணியவில்லை. கிருஷ்ணாபுரம் வரை, சுமார் பத்துக் கிலோமீட்டர், அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பிக் கூட்டத்தோடு நடந்தோம். மகன் இரண்டு முறை உட்கார்ந்தான். முன்பின் தெரியாத ஓர் ஆச்சி, வழியில் கொடுத்த கடலைமிட்டாயை அவன் கையில் திணித்து, "எந்தி ராசா, அந்தா கோபுரம் தெரியுது பாரு" என்றார். கோபுரம் தெரியவில்லை, இன்னும் மூன்று கிலோமீட்டர் இருந்தது. ஆனால் அவன் எழுந்துவிட்டான். பெருமாள் கோயிலில் கல் தூண்களின் சிற்பங்களைப் பார்க்கும் தெம்பு எவருக்கும் இல்லை. மண்டபத்தில் அப்படியே சாய்ந்து கிடந்துவிட்டுப் பேருந்தில் திரும்பினோம்.

எல்லா வாரமும் இப்படி அமைவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று வாரம் தொடர்ந்து வீட்டுக்குள் கிடந்திருக்கிறோம். தேர்வு நெருங்கினால் எல்லாம் குலைகிறது. என்னையும் கணவரையும் பொறுத்தவரை, பெரியவர்களுக்குச் சொல்லப்படும் வாரம் 150 நிமிடத்தைப் பல வாரங்களில் எட்டுவதில்லை. கூந்தன்குளத்துக்குப் போய்க் குளத்தங்கரை நெடுக நடந்து பறவை பார்க்க வேண்டும் என்ற திட்டம் இரண்டு ஆண்டுகளாகத் திட்டமாகவே இருக்கிறது.

இப்போதைய சிக்கல் மகளின் டியூஷன். வருகிற ஜூனிலிருந்து வாரத்தில் ஐந்து நாள், மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை என்று முடிவாகியிருக்கிறது. மாடியும் கயிறும் அத்தோடு போயிற்று என்று அவள் இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். டியூஷன் வீடு எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். போகும்போது அவள் தம்பியையும் கூட்டிக்கொண்டு நடந்து போவது, அவனைக் கூட்டித் திரும்ப அத்தை கூடவே போவது, இரவு ஏழரைக்கு நான் நடந்து போய் அவளை அழைத்து வருவது என்று பேசி முடித்திருக்கிறோம். நாய்களுக்காக அத்தை ஒரு கம்பு கேட்டிருக்கிறார்.